சாமந்திக் கிளைநுனிகளைக் குமிழி வாளியில் வேர்விடச் செய்தல்

முருங்கைப் போத்தை ஊன்றி மரமாக்குவதும், கரும்புக் கரணையைப் பதித்துத் தோட்டமாக்குவதும், வெற்றிலைக் கொடியைத் துண்டு செய்து புதுக் கொடிக்கால் வைப்பதும் நமது குடியானவர்களுக்குப் புதியன அல்ல. விதையின்றித் தண்டிலிருந்தே பயிரைப் பெருக்கும் இக்கலை தலைமுறை தலைமுறையாக நம்மிடம் இருந்து வருவதாகும். தாய்ச் செடியின் குணம் எதுவோ அதுவே சேய்ச் செடிக்கும் அமையும் என்பது இம்முறையின் பெருஞ் சிறப்பு. பூவின் நிறமும் அடுக்கும் பூக்கும் காலமும் மாறுவதில்லை. அதே காரணத்தால் தாயின் நோயும் சேய்க்கு அப்படியே வந்து சேர்கிறது என்பதை நாம் பல சமயங்களில் மறந்து விடுகிறோம்.

தருமபுரி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் மஞ்சள் சாமந்தி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்தனர். எந்த ஆராய்ச்சி நிலையமும் வெளியிட்ட இரகம் அன்று அது. அவ்வீட்டு மூதாட்டி மருமகளாக வந்த காலத்திலேயே அந்தத் தோட்டத்தில் இருந்ததாம். பூ சிறியதே; ஆனால் பறித்த மூன்றாம் நாளும் கூடையில் இதழ் உதிராது. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் அவர்களுடைய கிணறு வற்றியது. தோட்டம் முழுவதும் காய்ந்தது. குளிக்கும் நீர் வழிந்தோடும் இடத்தில் வைத்திருந்த ஒரு மண்தொட்டியில் மூன்றே செடிகள் பிழைத்து நின்றன.

அம் மூன்று செடிகளிலிருந்து கிளைநுனிகளைக் கிள்ளி, ஒரு செம்பில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தி வைத்தார் மூதாட்டி. ஒரு வாரத்தில் தண்டுகள் கறுத்துக் குழைந்து நாற்றமெடுத்தன. அச்சமயம் அங்கே சென்றிருந்த என்னிடம் அவர், “தம்பி, தண்ணீரில்தானே நின்றது? தண்ணீரில் நின்ற செடி எப்படிச் செத்துப் போகும்?” என்று கேட்டார். இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டதே.

தண்ணீரில் இல்லாதது எது?

வெட்டிய கிளைநுனிக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. மேலே இலைகள் ஈரத்தை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கின்றன. அதை ஈடு செய்ய வேர் இல்லை. ஆகவே நுனி வாடுகிறது. இது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. இதைத் தடுக்கவே நாம் அதைத் தண்ணீரில் நிறுத்துகிறோம். கீழே நிகழும் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. வெட்டுண்ட இடத்தில் புதிய உயிரணுக்கள் தோன்றி வேராக உருவெடுக்க வேண்டுமானால் அவை சுவாசிக்க வேண்டும். அதற்குப் பிராண வாயு வேண்டும். தண்ணீருக்குள் அது மிகக் குறைவு. 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராண வாயுவையே கரைத்து வைத்துக்கொள்ள வல்லது. வெப்பம் 30 டிகிரியானால் அது சுமார் ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அன்றியும் அசையாத தண்ணீருக்குள் பிராண வாயு பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. எனவே தண்டின் அடியில் இருக்கும் வாயுவை உயிரணுக்கள் செலவழித்துவிட்டால், மேற்பரப்பிலிருந்து மறுபடி வந்து சேர்வதற்குள் அவை மூச்சு முட்டி இறக்கின்றன. இறந்த பகுதியில் அழுகல் கிருமிகள் குடியேறுகின்றன. செம்பில் நின்ற சாமந்தி தாகத்தால் சாகவில்லை. மூச்சு முட்டிச் செத்தது.

நல்ல மணல் மேடையில் நட்ட நுனி பிழைப்பதும் இதனால்தான். மணலின் இடுக்குகளில் ஈரமும் உண்டு, காற்றும் உண்டு. களிமண்ணில் நீர் தேங்கினால் அதே நுனி அழுகுவதை எல்லோரும் கண்டிருப்போம். குமிழி வாளி என்பது தண்ணீருக்குள் ஓயாமல் காற்றை ஊதி, மணல் செய்யும் வேலையைத் தண்ணீரைக் கொண்டு செய்விக்கும் சாதனம். அதற்குமேல் அதில் மாயம் ஒன்றுமில்லை. செடிகளைச் சத்து நீரிலேயே வளர்த்து ஆராயும் முறையை 1860-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய தாவர அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ் விளக்கியிருந்தார். இன்று மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சிறு பம்பு நகரங்களில் எளிதாகக் கிடைப்பதால், அவ்வழியை ஒரு குடிசையின் திண்ணையிலும் செய்து பார்க்கக்கூடியதாக இருக்கிறது. மூதாட்டியின் பேரன் வீட்டில் இரண்டு பொன்மீன்கள் வளர்த்து வந்தான். அவனுடைய பம்பைத்தான் நாங்கள் இரவல் வாங்கினோம்.

வாளி அமைக்கும் விதம்

மூடியுடன் கூடிய 15 அல்லது 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று போதும். சுண்ணமும் வர்ணமும் அடைத்து வரும் வாளி நல்லதுதான்; ஆனால் வர்ணத்தின் வாடை சிறிதுமின்றிப் பலமுறை கழுவ வேண்டும். பூச்சி மருந்து இருந்த வாளியை எக்காரணம் கொண்டும் உபயோகிக்கலாகாது. வாளிக்குள் வெளிச்சம் புகுந்தால் தண்ணீரில் பாசி படரும். பாசி படர்ந்தால் தண்டும் வழுவழுப்பாகும். ஆகவே வெளிர் நிறமான வாளியாயின் வெளிப்புறம் கறுப்பு வர்ணம் பூசி, அதன்மேல் வெள்ளை பூசுக. கறுப்பு ஒளியை மறைக்கும். வெள்ளை வெயிலின் சூட்டைத் தடுக்கும்.

மூடியில் மூன்று செ.மீ. அகலமுள்ள துளைகளை, ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளிவிட்டு இட வேண்டும். சாதாரண வாளி மூடியில் 15 முதல் 20 துளைகள் அமையும். தச்சரிடம் வட்டத் துளைக் கருவி இருந்தால் நேர்த்தியாக அமையும். காய்ச்சிய இரும்புக் குழாயால் துளையிடுவோரும் உண்டு. அந்தப் புகை மூச்சுக்குக் கெடுதி, ஆதலால் வெட்ட வெளியில் நின்று செய்க. துளைகளில் நுனிகளைத் தாங்கிப் பிடிக்க வட்டமான அடைப்புகள் வேண்டும். இதற்கெனக் கடைகளில் ரப்பர் வில்லைகள் விற்கின்றனர். தேய்ந்துபோன ஹவாய் செருப்பைத் துளைக்குச் சற்றுப் பெரிதாக வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு சிறு துளையும், அத்துளையிலிருந்து விளிம்பு வரை ஒரு கீறலும் இட்டால் அதே வேலையைச் செய்யும். சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்திய பிறகே பொருத்துக. மெத்தைப் பஞ்சை வெட்டி வைப்பவர்கள் உண்டு. அது நீரை உறிஞ்சித் தண்டின் கழுத்தை எப்போதும் நனைத்து வைப்பதால் எனக்கு அதில் திருப்தியில்லை.

வாளியின் அடியில் ஒரு காற்றுக் கல்லை வைத்து, மெல்லிய ரப்பர்க் குழாயால் பம்புடன் இணைக்க வேண்டும். கல் மிதக்குமானால் ஒரு கூழாங்கல்லோடு சேர்த்துக் கட்டுக. மூன்று முதல் ஐந்து வாட் மின்சாரத்தில் ஓடும் பம்பு இந்த வாளிக்குப் போதும். ஐந்து வாட் பம்பு இரவு பகலாக 14 நாட்கள் ஓடினாலும் செலவாகும் மின்சாரம் இரண்டு யூனிட்டுக்கும் குறைவே.

இங்கே நான் பட்ட ஒரு நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாளியை நான் திண்ணைமேலும் பம்பைக் கீழே தரையிலும் வைத்தேன். நள்ளிரவில் மின்சாரம் நின்றது. ஊதும் காற்று நின்றதும் வாளியின் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பை நிரப்பிற்று. மிஞ்சியது தரையில் ஓடியது. காலையில் பார்த்தபோது பம்பு பாழ், நுனிகள் தலை தொங்கிக் கிடந்தன. பையன் அழுதது தனிக் கதை. ஆகவே பம்பு எப்போதும் வாளியின் நீர்மட்டத்துக்கு மேலே, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடப்பட வேண்டும். குழாயின் நடுவே பொருத்தும் ஒருவழி வால்வு மிகச் சொற்ப விலைதான். அதையும் சேர்த்து வாங்கிவிடுவது உத்தமம்.

தாய்ச் செடியைத் தேர்ந்தெடுத்தல்

வாளியைச் செய்வதில் ஒரு நாள் போகலாம். தாய்ச் செடியைத் தேர்வதில் ஒரு பருவமே போனாலும் தவறில்லை. பூக்கும் பருவத்திலேயே தோட்டத்தைச் சுற்றி வந்து, நல்ல பூவும் நல்ல கிளைப்பும் உள்ள செடிகளுக்கு அருகில் குச்சி நட்டு அடையாளம் செய்துகொள்ள வேண்டும். பூத்து ஓய்ந்த பின் எல்லாச் செடிகளும் ஒன்றுபோலவே தோன்றும். அப்போது தேர்வது கண்ணை மூடிக்கொண்டு தேர்வதேயாகும்.

குட்டையாகிப் போன செடியை இரக்கத்தால் காப்பாற்ற வேண்டாம். சாமந்தியில் குட்டை நோய் என்று ஒன்றுண்டு. செடி பாதி உயரத்தில் நின்றுவிடும். இலை சிறுத்து வெளிறும். பூவும் சிறுத்து, முன்னதாகவே மலர்ந்துவிடும். இதற்குக் காரணம் வைரஸைக் காட்டிலும் சிறிய, வைராய்டு எனப்படும் ஒரு பொருள். இது செடிச் சாற்றின் மூலம் பரவுவது. நோயுள்ள செடியை வெட்டிய கத்தியால் நல்ல செடியை வெட்டினால் போதும், நோய் ஒட்டிக்கொள்ளும். இதற்கு மருந்தில்லை. நோயுள்ள தாயிலிருந்து இருபது நுனி எடுத்தால் இருபது நோயாளிகளை உண்டாக்கியவராவோம். அவற்றிலிருந்து மேலும் எடுத்தால் நூறு. வாளியின் வேகம் நன்மைக்கும் உதவும், தீமைக்கும் உதவும். இலையின் அடிப்புறத்தில் வெண்மையான கொப்புளங்கள் தோன்றும் வெண்துரு நோயுள்ள செடியையும் அவ்வாறே ஒதுக்க வேண்டும்.

துணி வெளுக்கும் திரவப் பிளீச்சு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாய்ச் செடியை வெட்டி முடித்ததும் கத்தியை அதில் நனைத்து, பின் நல்ல நீரில் அலசித் துடைக்க வேண்டும். இரண்டு கத்திகள் இருந்தால் ஒன்று ஊறும்போது மற்றொன்று வேலை செய்யும். இக்கரைசல் அன்றாடம் புதிதாகக் கலக்கப்பட வேண்டும். இரும்பை அரிக்கும் தன்மையுடையதாகையால் வேலை முடிந்ததும் கத்திக்குச் சிறிது எண்ணெய் தடவுக.

மொட்டு வைத்த கிளை வேண்டாம். சாமந்தி, இரவு நீளும் காலத்தில் மொட்டு வைக்கும் இயல்புடையது. மொட்டு வைத்த நுனி, வேர்விடுவதைவிடப் பூப்பதிலேயே தன் பலத்தைச் செலவிடும். பசுங்குடில்களில் சாமந்தி வளர்ப்போர், தாய்ச் செடிகள் மொட்டு வைக்காதிருக்க இரவில் சில மணி நேரம் விளக்கெரிய விடுகின்றனர். நமது திறந்த தோட்டத்தில் அதற்கு அவசியமில்லை. பூத்து முடிந்த செடியைத் தரையோடு வெட்டி, உரமிட்டு நீர் பாய்ச்சினால் அடியிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். அத்தளிர்களே வாளிக்கு ஏற்றவை.

நுனி எடுத்தலும் நிறுத்தலும்

முதல் நாள் மாலை தாய்ச் செடிக்கு நன்றாக நீர் பாய்ச்சி, மறுநாள் வெயிலேறுவதற்கு முன் நுனி எடுக்க வேண்டும். நீளம் ஏழு முதல் பத்து செ.மீ. இருக்கலாம். வளைத்தால் முறியும் பதம் நல்லது. வளைந்து குழைவது மிகவும் இளசு, வளைய மறுப்பது முற்றல். கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரே வெட்டாக வெட்டுக. அடிப் பாதியிலுள்ள இலைகளை நீக்கி, மேலே மூன்று நான்கு இலைகளை மட்டும் விட்டு, அவை பெரியனவாக இருந்தால் பாதியாகக் கத்தரித்துவிட வேண்டும். இலை முழுவதையும் நீக்கிவிடுவோரும் உண்டு. அது தவறு. வேர்விடுவதற்கு வேண்டிய மாவுச்சத்தை இலையே தயாரிக்கிறது. ஆக்சின் என்னும் வேரூக்கியும் நுனித் தளிரில் உற்பத்தியாகித் தண்டின் வழியே கீழே இறங்கி, வெட்டுவாயில் சேர்ந்து வேரைக் கிளப்புகிறது. நுனியைக் கிள்ளிவிட்டால் அந்த ஊற்று நின்றுவிடும்.

கடையில் விற்கும் வேரூக்கித் தூளைப் பற்றி அநேகர் கேட்கின்றனர். அதிலுள்ள இண்டோல் பியூட்டிரிக் அமிலம் வேரைத் தூண்டும் என்பதை 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்ப்சன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சிம்மர்மனும் வில்காக்ஸனும் வெளியிட்டனர். கடினத் தண்டுள்ள செடிகளுக்கு அது பேருதவி. சாமந்தியோ தானாகவே எளிதில் வேர்விடுவது. அன்றியும் தூளைத் தடவி வாளியில் நிறுத்தினால் குமிழிகள் அதைக் கழுவிவிடும். ஆகவே இப்பயிருக்கு இவ்வாளியில் அதற்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. குளோரின் கலந்த குழாய் நீரை ஓர் இரவு திறந்து வைத்திருந்து பின் ஊற்றுக. உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் உதவாது. குடிக்க ஒவ்வாத நீர் இளந்தண்டுக்கும் ஒவ்வாது என்று கொள்ளலாம். உரம் எதுவும் கலக்கக் கூடாது. வேரில்லாத தண்டு அதை உண்ணாது. பாசியும் கிருமியுமே உண்ணும். தண்டின் அடி ஒரு விரற்கடை ஆழம் நீரில் நனையும்படி நீர்மட்டம் இருக்க வேண்டும். குமிழிகள் வெடிக்கும்போது தெறிக்கும் துளிகள் மேற்பகுதியையும் நனைக்குமாதலால், தண்டு தண்ணீரைத் தொடாமல் சற்று மேலே நின்றாலும் போதும் என்று எழுதுவோர் உண்டு. மின்சாரம் நில்லாத ஊருக்கு அது பொருந்தும். நமக்கு ஒரு விரற்கடை நனைவதே பாதுகாப்பு.

வாளியை நேர்வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் வைத்து, நுனிகளின் மேல் மெல்லிய கண்ணாடித் தாளைக் கூடாரம்போல் மூடுக. காலை மாலை அதைச் சிறிது திறந்துவிட்டு, இலைகளின்மேல் நீரைப் பனிபோல் தெளிக்க வேண்டும். நான்கைந்து நாட்களுக்குப்பின் கூடாரத்தைச் சிறிது சிறிதாக விலக்கலாம்.

நீரின் வெப்பம் 20 முதல் 25 டிகிரிக்குள் இருப்பது விரும்பத்தக்கது. நமது சித்திரை வைகாசியில் இது எளிதன்று. சூடேறிய நீரில் பிராண வாயு குறைவதோடு அழுகல் பூஞ்சாணமும் வேகமாகப் பெருகுகிறது. வாளியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, அதன் அடி ஒரு தாம்பாளத்துத் தண்ணீரில் தோயும்படி விட்டால், ஆவியாகும் ஈரம் வாளியின் சூட்டை எடுத்துச் செல்லும். பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். இருந்தபோதிலும் தை, மாசி மாதங்களில் தொடங்குவோருக்கே வேலை சுலபம்.

நாட்கள் செல்லச் செல்ல

முதல் மூன்று நாட்களில் பார்க்கத்தக்க மாறுதல் ஒன்றும் இராது. அடிக்கடி தண்டை வெளியே எடுத்துப் பார்ப்பது கெடுதி. என்றாலும் பொறுக்க முடியாத ஆவலுடையோர் ஓரத்து நுனி ஒன்றைப் பரிசோதனைக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொள்ளட்டும். பின்னர் வெட்டுவாயில் வெண்மையான தடிப்புத் தோன்றும். தண்டின்மேல் சிறு புடைப்புகள் எழும். ஏழு நாட்களிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் வெண்ணிற வேர்கள் நூல்போல் வெளிவரும். தண்ணீர் கலங்கினாலும், கெட்ட வாடை வந்தாலும், தண்டு பழுப்பாகி வழுவழுப்பானாலும் அந்த நுனியை உடனே எடுத்தெறிந்துவிட்டு, வாளியைக் கழுவிப் புதுநீர் மாற்ற வேண்டும். ஒன்றும் நேராவிட்டாலும் நான்கைந்து நாட்களுக்கொருமுறை நீரை மாற்றுவது நலம். அடியில் ஓர் இலை பழுத்து விழுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும்.

வேர் இரண்டு முதல் நான்கு செ.மீ. நீளம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். நீண்டு தொங்கும் வேரைக் கண்டு மகிழ்ந்து மேலும் ஒரு வாரம் விட்டு வைப்பவர்கள் ஏமாறுகின்றனர். வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, பிரிக்கும்போது அறுந்துபோகும்.

தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணில் வளர்ந்த வேரைப் போன்றதன்று. அது மென்மையானது, மண்துகளைப் பற்றி நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் அதில் குறைவு. வாளியிலிருந்து நேரே வயலில் நட்டால் நடுப்பகல் வெயிலில் செடி சாய்ந்துவிடும். மூதாட்டியின் இரண்டாம் முயற்சியில் நுனிகளில் பெரும்பாலானவை வேர்விட்டன. அந்த மகிழ்ச்சியில் அவற்றுள் பாதியை அன்றே பாத்தியில் நட்டுவிட்டார். அவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. மக்கிய தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் வைத்த மறுபாதியே நிலைத்தது. ஆகவே குழித்தட்டிலோ, மணலும் மக்கிய எருவும் கலந்த சிறு பைகளிலோ வைத்து, நிழல்வலையின்கீழ் ஏழு முதல் பத்து நாட்கள் பழக்க வேண்டும். முதல் இரண்டு நாட்கள் ஈரம் சற்று மிகுதியாகவும், பின்னர் குறைத்தும் கொடுத்தால் புதிய வேர்கள் கிளம்பிவிடும். அதன்பின் மாலைப் பொழுதில் நடலாம்.

ஒரு கணக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, ஒரு வாளியைக் கொண்டு ஓர் ஏக்கர் நட்டுவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சாமந்தியை 30 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 1,11,000 செடிகள் வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 45,000. வாளியில் நிற்பதோ இருபது. ஆகவே வாளி நாற்றங்காலுக்கு மாற்று அன்று. அருமையான செடி மிகச் சிலவே இருக்கும்போது, ஒரு நுனியும் வீணாகாமல் அவற்றைத் தாய்ச் செடிகளாகப் பெருக்குவதற்கு அது உதவுவது. நூறு நுனிகளுக்கு மேல் கைவசம் வந்துவிட்டால் மணல் மேடையே சிக்கனமானது, மின்சாரமும் வேண்டாம்.

தை மாதத்தில் இருபது நுனிகள் வேர்விட்டதாக வைத்துக்கொள்வோம். அவை நிலைத்து வளர்ந்ததும் தலையைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். செடிக்கு ஐந்து நுனி வீதம் எடுத்தால், ஏறத்தாழ ஆறு வாரத்திற்கொருமுறை இருபது நூறாகும், நூறு ஐந்நூறாகும், ஐந்நூறு இரண்டாயிரத்து ஐந்நூறாகும். ஆனி மாத நடவுக்குள் இவ்வளவே முடியும். 2,500 செடிகள் சுமார் ஐந்தரை சென்டு நிலத்துக்குக் காணும். ஐந்து வாளிகளில் தொடங்கினால் 12,500 செடிகள். கால் ஏக்கருக்குச் சற்று மேல் நடலாம். சேதாரத்தை இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை. முதல் வருஷத்தில் சேதாரம் நிச்சயம் உண்டு. இரண்டாம் சுற்றிலிருந்து மணல் மேடைக்கு மாறிவிட வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. தனியொரு குடியானவருக்கு ஐந்து வாளிகளும் ஐந்து மாதக் கவனிப்பும் பாரமாக இருக்கலாம். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்கு அது பெரிய காரியமன்று. மின் இணைப்பும் நிழலும் உள்ள ஒரு தாழ்வாரம், கழுவுவதற்கு நல்ல நீர், முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஐந்தாறு பேர், இவ்வளவே வேண்டுவன. வெளியூரிலிருந்து வாங்கும் பக்கக் கன்றுகள் எந்தத் தோட்டத்து மண்ணை வேரில் சுமந்து வருகின்றன, எந்த நோயோடு வருகின்றன என்பது நட்ட பிறகே தெரிகிறது. தம் ஊரிலேயே தாய்ச் செடி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயம் குறைவு. ஊரில் எந்த வீட்டில் எந்தப் பழைய பூ இரகம் மிச்சமிருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வைப்பதும் பஞ்சாயத்துக்கு ஏற்ற பணி. அதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமே.

சட்டத்தைப் பற்றிய ஐயமும் சிலருக்கு உண்டு. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி, உழவர் தம் விளைச்சலிலிருந்து விதையையும் நடுபொருளையும் சேமிக்கவும், மீண்டும் நடவும், பரிமாறிக்கொள்ளவும், விற்கவும் உரிமை உடையவர். பாதுகாக்கப்பட்ட இரகத்தை வணிக முத்திரையிட்டு விற்பது மட்டும் கூடாது. தலைமுறையாகக் காத்து வந்த இரகத்தை உழவர் இரகமாகப் பதிவு செய்துகொள்ளவும் அச்சட்டம் இடமளிக்கிறது. அதற்கு முதலில் செடி உயிரோடு இருக்க வேண்டும்.

பருவம் முடிந்ததும் வாளி, மூடி, வில்லைகள், குழாய் அனைத்தையும் மேற்சொன்ன பிளீச்சுக் கரைசலில் கழுவி, நல்ல நீரில் இருமுறை அலசி, நிழலில் உலர்த்திக் கவிழ்த்து வைக்க வேண்டும். காற்றுக் கல்லில் உப்புப் படிந்து குமிழி குறைந்திருந்தால் புதியது வாங்கிக்கொள்வதே மேல். மூதாட்டி வீட்டில் வாளி இப்போது பரண்மேல் இருக்கிறது. மண்தொட்டி மட்டும் குளிக்கும் நீர் வழியும் அதே இடத்தில் இன்னும் இருக்கிறது. தோட்டத்தில் எவ்வளவு நட்டாலும் அந்தத் தொட்டியில் மூன்று செடியை விட்டு வைக்க வேண்டும் என்று அவர் மருமகளுக்குச் சொல்லியிருக்கிறார்.